உடற்காவலும் உள்ளச்சோர்வும்

காய்ச்சல் கண்ட சிறுவன் ஒருவன் படுத்திருக்கும் இல்லத்தை நினைத்துப் பாருங்கள். நேற்று வரையில் தெருவில் ஓடியாடித் திரிந்தவன் இன்று போர்வையை இழுத்துப் போர்த்துக்கொண்டு மூலையிற் சுருண்டு கிடக்கிறான். அவன் விரும்பி உண்ணும் பண்டத்தை அருகிற் கொண்டுவந்து வைத்தாலும் ஏறிட்டும் பாரான். தோழர் வந்து அழைத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். உறங்குகிறான் என்றும் சொல்ல இயலாது. விழித்திருக்கிறான் என்றும் சொல்ல இயலாது. சிறு சொல்லுக்கும் கண் கலங்குகிறது. அன்னையோ சிறிதும் அஞ்சுவதில்லை. "காய்ச்சல் விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்கிறாள். அவள் சொன்னவாறே மூன்றாம் நாளோ நான்காம் நாளோ உடல் குளிர்கிறது. சிறுவன் எழுந்து உட்கார்ந்து உணவு கேட்கிறான்.

கால்நடை பேணும் உழவனும் இதனை நன்கு அறிவான். தீனியை முகர்ந்துவிட்டு, உண்ணாது, தலையைத் தொங்கவிட்டுக் கூட்டத்தினின்றும் விலகி நிற்கும் மாட்டைக் கண்டவுடனே, அதற்கு உடல்நலம் இல்லை என்று அவன் தெளிந்துகொள்வான். வாயில்லா உயிரும் நோயுற்ற காலத்தில் மனிதனைப் போலவே உணவையும் உறவையும் வெறுத்து ஒதுங்குகிறது.

எல்லாரும் அறிந்த இச்செய்தியினுள்ளே எவரும் நெடுங்காலம் கேளாத வினா ஒன்று மறைந்து கிடந்தது. நோய்க்கிருமி புகுந்திருப்பது தொண்டையில்; அல்லது நுரையீரலில். விருப்பும் வெறுப்பும் மூளையின் தொழில்கள். தொண்டையிற் கிருமி புகுந்தால் விளையாட்டில் ஆசை அற்றுப்போவானேன்? நோயினால் உடல் வலுக்குன்றுகிறது, அதனால் உள்ளமும் சோர்கிறது என்பதே பலரும் கூறிவந்த விடை. அவ்விடை போதாது என்பதை எலிகள் காட்டிக்கொடுத்தன.

1964 ஆம் ஆண்டில் நீல் மில்லர் என்னும் அமெரிக்க உளநூல் அறிஞர் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். தண்ணீர் வேண்டின் நெம்புகோல் ஒன்றை அழுத்துதல் வேண்டும் என்று எலிகள் பழக்கப்பட்டிருந்தன. நுண்ணுயிர்களின் மேலுறையிலிருந்து பிரித்தெடுத்த நச்சுப்பொருளை அவற்றின் உடலிற் செலுத்தியபோது அவை நெம்புகோலை நாடாது கிடந்தன. வலுவிழந்துவிட்டன போலும் என்றே காண்போர் எண்ணுவர். மில்லர் அத்துடன் நிற்கவில்லை. இடைவிடாது சுழலும் உருளை ஒன்றினுள் நோயுற்ற எலிகளை விட்டார். இங்கே நெம்புகோலை அழுத்தினால் உருளை சிறிது நேரம் நிற்கும், எலி இளைப்பாறலாம். சோர்ந்து கிடக்கும் எலிகள் இதனையும் அழுத்தமாட்டா என்று எதிர்பார்த்தால், அவை முன்னினும் மிகுதியாக அழுத்தின! ஆகவே, அவற்றிற்கு வலிமை இல்லாமற் போகவில்லை, வேட்கையே மாறிவிட்டது. நீரை நாடிய உயிர் இப்பொழுது ஓய்வை நாடியது.

இம்மாற்றம் உடலின் கோளாறு அன்று, உடலே வகுத்துக்கொண்ட ஒரு முறை என்று 1988 ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஹார்ட் என்னும் கால்நடை மருத்துவ அறிஞர் விளக்கினார். உடல் வெப்பம் ஒரு பாகை உயர்வதற்கே உடலின் ஆற்றற் செலவு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. கிருமியோடு போர் நிகழும் நாளில் இரை தேடி அலைவதும் விளையாடித் திரிவதும் வீண் செலவு. ஆதலின், போர் முடியும் வரையில் வீட்டிற்குள் அடங்கிக் கிடக்குமாறு மூளை உயிரைப் பணிக்கிறது. போர் முடிந்ததும் அக்கட்டளை நீங்குகிறது. அது நீங்காது நிலைத்துவிட்டால் என்னாகும்? இங்கேதான் மனச்சோர்வு என்னும் நோயின் ஆராய்ச்சியோடு இச்செய்தி வந்து சேர்கிறது.

மனச்சோர்வு நோய் வேறு, துயரம் வேறு. உற்றார் மறைந்தாலும் பொருள் இழந்தாலும் எவர்க்கும் துயரம் உண்டாகும். காலம் செல்லச் செல்ல அது தணியும். மனச்சோர்வு நோயோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நாள்தோறும் உள்ளத்தை அழுத்திக்கொண்டிருக்கும். இரண்டு வாரம் இடையறாது நீடித்தாலே மருத்துவர் இதனைக் கருத்திற்கொள்வர். முன்பு இன்பம் தந்தவை யாவும் சுவையற்றுப்போகும். பசி கெடும், உறக்கம் கெடும், சிறு வேலையும் மலையெனத் தோன்றும், எண்ணம் ஓரிடத்தில் நில்லாது, தான் எதற்கும் பயன்படாதவன் என்னும் நினைவு வந்து சூழும். உயிரையே வெறுக்கும் நிலைக்கு இது சிலரைக் கொண்டுசெல்வதும் உண்டு. உலகில் வயது வந்தோருள் நூற்றுக்கு ஐவருக்கும் மேற்பட்டோர் இந்நோயால் வருந்துகின்றனர் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. இத்துணைப் பெரிய நோய்க்கு ஆளானவரை உலகம் எவ்வாறு நடத்துகிறது? கால் முறிந்தவனை எவரும் சோம்பேறி என்று ஏசுவதில்லை. மனச்சோர்வு உற்றவனையோ, "மனத்தைத் திடப்படுத்திக்கொள், எழுந்து வேலையைப் பார்" என்று கடிந்துகொள்வர். அவன் தன்னைத் தானே கடிந்துகொள்வது அதனினும் மிகுதி.

இந்நோய்க்கு மருந்து கிடைத்தது ஒரு தற்செயலால். நியூயார்க்கு நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில் சீ வியூ என்னும் காசநோய் மருத்துவமனை இருந்தது. 1952 ஆம் ஆண்டளவில் அங்கே இப்ரோனியசிட் என்னும் புதிய மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நெடுங்காலம் படுக்கையிற் கிடந்தவர்கள் மருந்துண்ட சில வாரங்களில் எழுந்து நடமாடி, நகைத்துப் பேசி, உணவை விரும்பி உண்டனர். காசநோய்க்கென வந்த மருந்து உள்ளத்தையும் தொட்டதைக் கண்ட மருத்துவர்கள், 1957 ஆம் ஆண்டில் மனச்சோர்வு உற்றவர்க்கு அதனை வழங்கலாயினர். மூளையில் நரம்பிழைகளுக்கு இடையே செய்தி கொண்டுசெல்லும் செரடோனின் முதலிய பொருள்களை இத்தகைய மருந்துகள் பெருக்குகின்றன என்பது பின்னர் விளங்கிற்று. அவ்வழியே மேன்மேலும் மருந்துகள் தோன்றின. இன்றளவும் அவை எண்ணற்றோர்க்குத் துணைசெய்து வருகின்றன. எனினும், முதன்முதல் கொடுக்கும் மருந்தினால் முழு நலம் பெறுவோர் ஏறத்தாழ மூவரில் ஒருவரே என்பதை அமெரிக்காவில் நடந்து 2006 ஆம் ஆண்டில் வெளியான பெரிய ஆராய்ச்சி ஒன்று காட்டியது. இரண்டு மூன்று மருந்துகளை மாற்றிக் கொடுத்தும் நலம் பெறாதாரும் உளர். அவர்களுடைய நோயின் வேர் வேறிடத்தில் இருக்குமோ என்னும் ஐயம் ஆராய்ச்சியாளர்க்கு எழுந்தது இயல்பே.

அவ்வேறிடம் உடலின் காவற்படையாக இருக்கலாம் என்பதற்கு வலிய சான்று, எவரும் எண்ணாத திசையிலிருந்து வந்தது. அதனைக் காணுமுன் அக்காவற்படையைச் சிறிது அறிதல் வேண்டும்.

நம் குருதியிலும் உறுப்புகளிலும் வெள்ளணுக்கள் காவல் புரிகின்றன. அயலான கிருமியைக் கண்டால் சில அணுக்கள் அதனை விழுங்குகின்றன. சில அதற்கெனத் தனியே எதிர்ப்பொருளைச் செய்து விடுக்கின்றன. அணுக்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு நுண்ணிய புரதங்களைத் தூதாக விடுக்கின்றன. இத்தூதுப் பொருள்களுக்குச் சைட்டோகைன் என்பது பொதுப்பெயர். "பகை புகுந்துவிட்டது, படை திரள்க" என்று அறிவிக்கும் தூதும் உண்டு; "போதும், படை கலைக" என்று தணிக்கும் தூதும் உண்டு. வெட்டுக்காயத்தைச் சூழ்ந்து சிவந்து, வீங்கி, சூடேறி, வலிக்கும் நிலைக்கு அழற்சி என்று பெயர். அது முதல்வகைத் தூதின் விளைவு.

இத்தூதுப் பொருள்களுள் முன்னதாக அறியப்பட்ட ஒன்று இண்டர்பெரான். 1957 ஆம் ஆண்டில் இலண்டன் நகரில் அலிக் ஐசக்ஸ், ழான் லிண்டன்மன் என்னும் இருவர் இதனைக் கண்டறிந்தனர். வைரசுகளின் பெருக்கத்தைத் தடுக்கும் தன்மை இதற்கு உண்டு. எனவே பிற்காலத்தில் இதனைச் செயற்கை முறையில் பெருமளவில் ஆக்கி, சி வகைக் கல்லீரல் அழற்சிக்கும் சிலவகைப் புற்றுநோய்க்கும் ஊசி வழியே செலுத்தலாயினர். 1990 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இம்முறை உலகெங்கும் வழங்கிற்று. பலருடைய உயிரை இது காத்தது. ஆனால் மருத்துவர்கள் ஒரு விந்தையைக் கண்டனர். முன்பு ஒரு நாளும் மனச்சோர்வு அறியாதவர்கள், மகிழ்ச்சியான குடும்பத்தினர், நோய் குணமாகி வருவதை அறிந்தவர்கள் ஆகியோருட் பலர், இம்மருந்து தொடங்கிய சில வாரங்களில் மனச்சோர்வில் ஆழ்ந்தனர். கல்லீரல் நோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர்க்கு இது நேர்ந்தது. துயரத்திற்குக் காரணம் யாதும் இல்லை. துயரம் மட்டும் இருந்தது. இத்தொல்லையைப் பொறாது மருந்தையே நிறுத்திக்கொண்டாரும் உண்டு. நிறுத்திய பின் பெரும்பாலோர்க்குச் சோர்வு நீங்கிற்று.

அமெரிக்காவில் அட்லாண்டா நகரத்து எமரி பல்கலைக்கழகத்தினர் இதனை முறையாகச் சோதித்து 2001 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தோற் புற்றுநோய்க்காக மிகுதியான அளவில் இண்டர்பெரான் பெறவிருந்தோர் நாற்பதின்மர் இச்சோதனையிற் கலந்துகொண்டனர். இண்டர்பெரான் தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்னரே ஒரு பாதியினர்க்குப் பாராக்செட்டின் என்னும் மனச்சோர்வு மருந்தும், மறு பாதியினர்க்கு அதே தோற்றமுடைய வெற்று மாத்திரையும் கொடுக்கப்பட்டன. எவர் எதனைப் பெறுகிறார் என்பது பெறுவோர்க்கும் தெரியாது, கொடுப்போர்க்கும் தெரியாது. முடிவு யாது? வெற்று மாத்திரை உண்ட இருபதின்மருள் ஒன்பது பேர் மனச்சோர்வு நோய்க்கு ஆளாயினர். மருந்துண்ட பதினெண்மருள் ஆளானோர் இருவரே. உடற்காவலின் தூது ஒன்று மனச்சோர்வை உண்டாக்கும் என்பதும், அச்சோர்வு பிற மனச்சோர்வுகளைப் போலவே மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் இதனால் தெளிவாயின. சி வகைக் கல்லீரல் அழற்சிக்கு இன்று வாய்வழி உண்ணும் வேறு மாத்திரைகள் வந்துவிட்டன. இண்டர்பெரான் ஊசியை அந்நோயாளர் இனித் தேட வேண்டுவதில்லை. ஆனால் அது கற்பித்த பாடம் நிலைத்துவிட்டது.

இனி, உடலின் தூது மூளைக்குள் எவ்வாறு புகுகிறது என்று காண்போம். மூளை மதில் சூழ்ந்த கோட்டை போன்றது. குருதியில் ஓடும் பொருள்கள் எளிதில் உட்புகாவாறு அதன் குழாய்ச் சுவர்கள் இறுகப் பிணைந்துள்ளன. காவற்படைக்கு அங்கே வேலை இல்லை என்றே இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நூல்கள் கூறின. அக்கோட்டைக்கும் வழிகள் உண்டு. மதில் மெலிந்த இடங்கள் சில உள்ளன. சில தூதுகளை ஏந்திச் செல்லும் வாயில்களும் உள்ளன. இவற்றினும் விந்தையான வழி ஒன்றுண்டு. மூளையிலிருந்து இறங்கி, இதயம், நுரையீரல், குடல் என்று வயிறு வரையில் கிளைத்துச் செல்லும் நரம்பு ஒன்றுக்கு வேகஸ் என்று பெயர். அலைந்து திரிவது என்பது அவ்விலத்தீன் சொல்லின் பொருள். விலங்குகளின் வயிற்றுக்குள் அழற்சியை உண்டாக்குமுன் இந்நரம்பை அறுத்துவிட்டால், அவை நோயுற்றவை போல் ஒதுங்கிக் கிடப்பது பெரிதும் குறைந்துவிடுகிறது என்று 1990களில் பிரான்சு நாட்டிலும் அமெரிக்காவிலும் ஆராய்ந்தோர் கண்டனர். கம்பி அறுந்தால் தந்தி சேராதன்றோ? 2015 ஆம் ஆண்டில் மற்றொரு வியப்பும் வெளிப்பட்டது. மூளையைப் போர்த்திய சவ்வில் நிணநீர்க் குழாய்கள் ஓடுகின்றன என்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தினரும் பின்லாந்து நாட்டினரும் காட்டினர். நூற்றாண்டுக் கணக்காக அறுத்துப் பார்த்த உறுப்பிலேயே ஒரு குழாய்த் தொகுதி கண்ணிற் படாது இருந்திருக்கிறது!

உட்புகுந்த தூது அங்கே செய்வதென்ன? மூளைக்கென அமைந்த நுண்காவலணுக்கள் கிளர்ச்சியுறுகின்றன. உணவிலுள்ள டிரிப்டோபன் என்னும் பொருளிலிருந்தே மூளை செரடோனினை ஆக்கிக்கொள்கிறது. அழற்சிக் காலத்தில் ஒரு நொதி கிளர்ந்து இந்த டிரிப்டோபனை வேறு வழியில் திருப்பிவிடுகிறது. வாய்க்காலை இடையில் வெட்டி நீரைத் திருப்பினால் கடைமடை வயல் காய்வது போன்றது இது. திருப்பிவிடப்பட்ட வழியில் பிறக்கும் பொருள்களுள் ஒன்று நரம்பணுக்களுக்குத் தீங்கு செய்வதும் ஆகும்.

இதுகாறும் கூறியது உடல் உள்ளத்தைத் தாக்கும் முறை. உள்ளமும் உடற்காவலைத் தாக்கும் என்பதை வெளிப்படுத்தியவை மீண்டும் எலிகளே. இவ்வாராய்ச்சியின் வரலாறு சுவை மிக்கது.

நியூயார்க்கு மாநிலத்து ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஏடர் என்னும் உளநூல் அறிஞர் சுவைப் பழக்கத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிய நீரைக் கொடுத்து, உடனே வயிற்றைக் குமட்டும் மருந்து ஒன்றையும் ஊசியாற் செலுத்தினார். பின்னர் எலிகள் இனிய நீரைக் கண்டாலே வெறுத்தன. இது எதிர்பார்த்ததே. அதன்பின் ஊசி இன்றி இனிய நீரை மட்டும் கொடுத்து, அவ்வெறுப்பு எத்தனை நாளில் மறையும் என்று பார்த்திருந்தார். அப்போது சில எலிகள் மாண்டன. எவ்வெலி இனிய நீரை மிகுதியாகக் குடித்திருந்ததோ அவ்வகை எலிகளே மிகுதியாக மாண்டன. சாக்கரின் நஞ்சன்று. ஏடருக்கு ஒன்றும் விளங்கவில்லை. குமட்டலுக்கென அவர் பயன்படுத்திய சைக்ளோபாஸ்பமைடு என்னும் மருந்து, உடற்காவலை அடக்கும் மருந்தும் ஆகும் என்பதை நினைத்தபோதே ஒளி பிறந்தது. இனிய நீரைக் கண்டவுடன் எலியின் உடல், மருந்து வந்ததாகவே கருதித் தன் காவலைத் தளர்த்திக்கொண்டதோ?

அக்காலத்தில் இவ்வெண்ணத்தைக் கேட்டு நகைத்தோர் பலர். உடற்காவல் தானே தனித்து இயங்குவது, மூளைக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பது அன்றைய கொள்கை. ஏடர் தம் பல்கலைக்கழகத்திலேயே உடற்காவல் அறிஞராக விளங்கிய நிகலஸ் கோஹன் என்பாரோடு கூடிச் சோதனையை ஒழுங்காக மீண்டும் நடத்தினார். எலிகளின் உடலில் ஆட்டின் குருதியணுக்களைச் செலுத்தி, அவற்றிற்கு எதிராக எவ்வளவு எதிர்ப்பொருள் உண்டாகிறது என்று அளந்தனர். முன்பு பழக்கப்பட்டு, இப்போது இனிய நீர் மட்டும் பெற்ற எலிகளிடம் எதிர்ப்பொருள் குறைந்தே இருந்தது. 1975 ஆம் ஆண்டில் இது வெளியாயிற்று. உள்ளம், நரம்பு, உடற்காவல் ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆராயும் ஒரு துறை இதிலிருந்து கிளைத்தது.

மனிதரிடத்தும் இது காணப்பட்டது. இங்கிலாந்தில் சாலிசுபரி நகருக்கு அருகே சளி நோயை ஆராயும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே வந்து தங்கிய நலமுள்ள 394 பேரின் மூக்கில், அவர்தம் இசைவோடு, சளி வைரசுகள் சொட்டு மருந்தாக இடப்பட்டன. கவலையும் நெருக்கடியும் மிகுந்த வாழ்வினர் எவரோ அவரே மிகுதியாகச் சளிக்கு ஆளாயினர் என்று ஷெல்டன் கோஹன் என்பவரும் அவர்தம் துணைவரும் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அமெரிக்காவில் ஓகையோ மாநிலத்தில் மற்றொரு சோதனை. மறதி நோயுற்ற உறவினரை அல்லும் பகலும் பேணிவந்த பெண்டிர் பதின்மூவர், அத்தகைய சுமையற்ற பெண்டிர் பதின்மூவர் ஆகியோரின் கையில் மருத்துவர் ஒரே அளவான சிறு புண்ணை உண்டாக்கி, அது ஆறும் நாள்களை எண்ணினர். சுமையற்றோர்க்கு ஏறத்தாழ 39 நாளில் ஆறிய புண், நோயாளரைப் பேணுவோர்க்கு ஆறுவதற்கு ஏறத்தாழ 49 நாள் ஆயிற்று. ஒரு சிறு புண்ணுக்குப் பத்து நாள் கூடுதல்! பிறரைப் பேணுவார் தம் உடலால் செலுத்தும் விலை அது.

இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். கவலை காவலைத் தளர்த்தும் என்றால், கவலையுற்றோரிடம் அழற்சி குறைய வேண்டுமன்றோ? மனச்சோர்வு உற்றோர் பலரிடம் அது மிகுந்திருப்பதேன்? இதற்கு விடை, காவலை அடக்கியாளும் முறையில் உள்ளது. நெருக்கடி வரும்போது சிறுநீரகத்தின்மேல் அமர்ந்துள்ள சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் சுரப்பை விடுக்கின்றன. அழற்சியைத் தணிப்பது அதன் தொழில்களுள் ஒன்று. ஆனால் நெருக்கடி மாதக்கணக்கில் நீடித்தால், இடைவிடாது ஒலிக்கும் மணியோசை காதுக்குப் பழகிப்போவது போல, வெள்ளணுக்கள் கார்ட்டிசாலின் கட்டளைக்குச் செவிசாய்ப்பதை விட்டுவிடுகின்றன. அப்போது காவற்படை இரண்டு வகையாலும் கெடுகிறது: உண்மைப் பகையை எதிர்க்கும் திறம் குன்றுகிறது, வீண் அழற்சியோ அடங்காது புகைகிறது. கடிவாளம் அறுந்த குதிரை போர்க்களத்திற்கும் பயன்படாது, கொட்டிலிலும் அடங்காது.

கடிவாளம் கார்ட்டிசால் ஒன்றே அன்று. வெள்ளணுக்களிலேயே, பிற அணுக்களை அடக்குவதற்கென ஒரு வகை உண்டு என்று ஜப்பானியரான ஷிமோன் சகாகுச்சி 1995 ஆம் ஆண்டில் காட்டினார். அவ்வகை அணுக்களை ஆளும் மரபுக்கூற்றை மேரி பிரங்கோ, பிரெட் ராம்ஸ்டெல் என்னும் அமெரிக்கர் இருவர் 2001 ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். இம்மூவருக்கும் 2025 ஆம் ஆண்டில் மருத்துவத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பெற்றது. இவ்வடக்கும் அணுக்கள் குறைந்தாலும் தளர்ந்தாலும் காவற்படை தன் உடலையே தாக்கத் தொடங்கும். மூட்டழற்சி முதலிய நோய்கள் அவ்வாறு பிறப்பன.

அத்தகைய நோயுற்றோர் பின்னர் மனச்சோர்வுக்கும் ஆளாகின்றனரா? டென்மார்க்கு நாட்டில் ஒவ்வொருவருடைய மருத்துவக் குறிப்பும் அரசின் பதிவேட்டில் உள்ளது. 35 இலட்சத்திற்கும் மேற்பட்டோரின் பதிவுகளை ஆராய்ந்து 2013 ஆம் ஆண்டில் ஒரு முடிவு வெளியிடப்பட்டது. காவற்படை தன் உடலையே தாக்கும் நோய்க்காக மருத்துவமனைக்குச் சென்றவர்க்குப் பின்னாளில் மனநிலைக் கோளாறு வரும் வாய்ப்பு, பிறரைவிட நூற்றுக்கு 45 பங்கு மிகுதி. கிருமி நோய்க்காக மருத்துவமனையிற் சேர்ந்தவர்க்கு அது 62 பங்கு மிகுதி. நோயுற்றவன் கவலையுறுதல் இயல்பு என்று இதனைத் தள்ளிவிடலாமோ எனின், இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரைச் சூழ்ந்த பகுதியிற் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கண்டுவரும் ஆராய்ச்சி வேறு கதை சொல்கிறது. ஒன்பது வயதில் இண்டர்லூக்கின்-6 என்னும் அழற்சித் தூது குருதியில் மிகுந்திருந்தோர், அது குறைந்திருந்தோரைவிடப் பதினெட்டாம் வயதில் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுந்தோராயினர். இங்கே அழற்சி முன்னே வந்தது. சோர்வு பின்னே வந்தது.

அழற்சியை அளப்பதற்கு எளிய வழி உண்டு. உடலில் அழற்சி நேர்ந்தால் கல்லீரல் சி-வினைப்புரதம் என்னும் பொருளைக் குருதியில் விடுக்கிறது. நியூயார்க்கு ராக்பெல்லர் நிலையத்தில் 1930 ஆம் ஆண்டில் நிமோனியா நோயாளரின் குருதியில் கண்டறியப்பட்ட இதனை இன்று சிறிய மருத்துவமனைகளிலும் அளக்க முடிகிறது. ஒரு லிட்டருக்கு மூன்று மில்லிகிராமுக்கு மேல் இருப்பின் மெல்லிய அழற்சி உண்டென்பர். மனச்சோர்வு உற்றோருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இவ்வகையினர். எஞ்சிய மூவர்? அவர்களுடைய குருதியில் அழற்சி பெரிதாகத் தெரியவில்லை. இதனை மறந்துவிட்டு, மனச்சோர்வெல்லாம் அழற்சியே என்று முழங்குவோர் இன்றும் உளர். அவர் கூற்று ஆராய்ச்சிக்கு ஒவ்வாதது.

இதன் பயனை ஒரு மருத்துவச் சோதனை நன்கு விளக்கிற்று. மூட்டழற்சிக்கும் குடலழற்சிக்கும் கொடுக்கப்படும் இன்பிளிக்சிமாப் என்னும் மருந்து, அழற்சித் தூது ஒன்றைக் குருதியிலேயே பற்றிச் செயலிழக்கச் செய்வது. முன்னர்க் குறித்த எமரி பல்கலைக்கழகத்தினர், பிற மருந்துகளால் நலம் பெறாத அறுபது பேரைத் தேர்ந்து, பாதியினர்க்கு இம்மருந்தையும் பாதியினர்க்கு வெறும் உப்புநீரையும் மூன்று முறை குருதிக்குழாய் வழியே செலுத்திப் பன்னிரண்டு வாரம் கண்காணித்தனர். 2013 ஆம் ஆண்டில் வெளியான முடிவு முதற்பார்வையில் ஏமாற்றமே. இரு சாராரிடையே வேறுபாடு இல்லை. உப்புநீர் பெற்றோரும் மருந்து பெற்றோரளவு தேறினர். ஆனால் ஆராய்ச்சியாளர் சி-வினைப்புரதத்தின் அளவைக் கொண்டு நோயாளரைப் பிரித்துப் பார்த்தபோது மறைந்திருந்தது வெளிப்பட்டது. அது ஐந்து மில்லிகிராமுக்கு மேல் இருந்தோருள், மருந்து பெற்ற பதின்மூவரில் எண்மர்க்கு நோய் பாதிக்கு மேல் தணிந்தது. உப்புநீர் பெற்ற ஒன்பதின்மரில் மூவர்க்கே தணிந்தது. அழற்சி இல்லாதோரிடமோ உப்புநீரே மேலாக இருந்தது! தேவையற்ற இடத்தில் காவலை அடக்குவதால் நன்மை இல்லை, தீமையே உண்டாகலாம் என்பதற்கு இது குறிப்பு. இவ்வாறு பிரித்துப் பார்த்த தொகுதிகள் மிகச் சிறியவை என்பதையும் மறத்தல் ஆகாது. பதின்மூவரைக் கொண்டு உலகிற்கு விதி வகுத்தல் இயலாது.

அழற்சியைத் தணிக்கும் எளிய மருந்தை எல்லார்க்கும் கொடுத்துவிட்டால் என்ன என்று எண்ணியவர்க்கும் விடை கிடைத்துள்ளது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000க்கும் மேற்பட்ட முதியோரைக் கொண்டு நடத்திய சோதனை ஒன்றில், நாள்தோறும் சிறிதளவு ஆஸ்பிரின் உண்டவரும் வெற்று மாத்திரை உண்டவரும் ஒரே அளவில் மனச்சோர்வுக்கு ஆளாயினர் என்று 2020 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஆஸ்பிரின் குருதிக் கசிவையும் உண்டாக்க வல்லது. மருத்துவர் சொல்லாது உண்ணத் தக்கதன்று.

சி-வினைப்புரதத்தைக் கொண்டு மனச்சோர்வு உண்டு, இல்லை என்று கூறவும் இயலாது. உடற்பருமன், புகைபிடித்தல், பல் ஈறு நோய் ஆகியவற்றாலும் அது மிகும். ஆகவே இன்றும் மருத்துவர் நோயாளியை அருகில் அமர்த்தி, அவர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்டே இந்நோயை அறிகிறார். உரையாடி உள்ளத்தைத் தேற்றும் முறையும், செரடோனின் வழி மருந்துகளுமே இன்றும் முதற் சிகிச்சை. அவை பயன்படாத இடத்தில், யாருடைய குருதியில் அழற்சி மிகுந்துள்ளது என்று முன்னரே அளந்து, அன்னாரை மட்டும் சேர்த்துப் புதிய மருந்துகளைச் சோதிக்கும் முறை இப்போது வழக்கத்திற்கு வந்துள்ளது. இத்தாலி நாட்டு மிலான் நகரத்தில் ஒரு குழுவினர், காவலை அடக்குவதற்கு மாறாக, அடக்கும் அணுக்களைப் பெருக்கும் இண்டர்லூக்கின்-2 என்னும் தூதை மிகச் சிறிய அளவில் மனச்சோர்வு உற்றோர் சிலர்க்குச் செலுத்திப் பார்த்தனர். அது வழக்கமான மருந்தின் பயனைக் கூட்டியது என்று 2024 ஆம் ஆண்டில் எழுதினர். கலந்துகொண்டோர் தொகை சிறிது. பெரிய சோதனைகள் இதனைத் தொடர்ந்து நடைபெற வேண்டியுள்ளன.